எட்டு வருஷமும் எண்பது மணி நேரமும்

"ஒண்ணு பாரு, ஒண்ணு செய், ஒண்ணு சொல்லிக்கொடு" - சர்ஜரி கத்துக்கிற முறையை அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். இதை வில்லியம் ஹால்ஸ்டெட் பெயரில் ஒட்டியும் வைத்துவிட்டார்கள். பாவம் மனுஷர்! 1889-ல் பால்டிமோரில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அவர் உண்டாக்கிய முறையில் அவசரமே கிடையாது. 1904-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அவரே கணக்கு சொல்கிறார்: உதவியாளராக 6 வருஷம், ஹவுஸ் சர்ஜனாக 2 வருஷம். ஆக மொத்தம் 8. ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும். ('ரெசிடென்ட்' என்ற பெயருக்கு அர்த்தமே அதுதானே.) வகுப்பு எது, வேலை எது என்று பிரிக்கவே தேவையில்லை.

1984-ல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயசுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். கவனித்தவர்கள் நெடுநேரம் தொடர்ந்து வேலை பார்க்கும் பயிற்சி டாக்டர்கள். பத்திரிகைக்காரரான அப்பா சும்மா விடவில்லை. 1989-ல் நியூயார்க் மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. 2003-ல் அமெரிக்கா முழுக்க.

சரி, நேரம் குறைஞ்சாச்சு. கை பழகணுமே?

இங்கேதான் 'தலைகீழ் வகுப்பு' உள்ளே வருகிறது. 2007-ல் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் வாத்தியார்கள், வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காகப் பாடத்தை வீடியோ எடுத்தார்கள். அதிலிருந்து பரவிய யோசனை: பாடம் வீட்டில், பயிற்சி வகுப்பில்.

சர்ஜரிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி. முடிச்சுப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்களேன். முதல் சுற்று ஒரு பக்கம், இரண்டாவது அதற்கு எதிர்ப்பக்கம் போகணும். இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், ஆனால் நழுவும். ரத்தக்குழாயில் நழுவினால் என்ன ஆகும்? வீடியோ எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டும், உங்கள் கை தப்பாகப் போவதை அது பார்க்காது. அதைப் பார்க்க ஆள் வேணும். பேசித் தீர்த்த அந்த ஒரு மணி நேரத்தை வாத்தியார் இப்போது பக்கத்தில் நின்று கையைத் திருத்தச் செலவிடலாம்.

ஒரே ஒரு உறுத்தல். வீட்டில் உட்கார்ந்து படிப்பது அந்த 80 மணி நேரக் கணக்கில் சேராது! வேலையைக் குறைத்தது தூங்கட்டும் என்றுதான். அந்தத் தூக்கத்துக்குள்ளேயே பாடத்தைத் தள்ளிவிட்டால் எப்படி? டாக்டர்கள் யாராவது படித்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க, ராத்திரி டூட்டி முடிந்து வந்து அந்த வீடியோவை முழுசாகப் பார்க்க முடிகிறதா?