மூலிகை–ஊட்டச்சத்துக் கூட்டு மருந்து (உடல் பருமன்)

உடல் பருமனைக் குறைக்க மூலிகைச் சாற்றையும் குரோமியம் போன்ற ஊட்டச்சத்துகளையும் சேர்த்துத் தரும் முறை. சீன மரபின் மாஹுவாங் (எபெட்ரா) சேர்ந்த எடைக்குறைப்பு மருந்துகளை இதயப் பாதிப்பு காரணமாக அமெரிக்கா 2004இல் தடை செய்தது. தென்னிந்தியாவில் இவ்வகையில் பெயர்பெற்றவை குடம்புளியும் சிறுகுறிஞ்சானும்.

சரக்குகள்: மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் சிறுகுறிஞ்சான் இலைப்பொடியாகக் கிடைக்கிறது. பச்சை இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணல்போல் இருக்கும். ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்புச் சுவையைச் சிறிது நேரம் மறைப்பதே காரணம். குடம்புளித் தோலிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை 1965இல் லூயிஸ், நீலகண்டன் ஆகியோர் அடையாளம் கண்டனர். மாவுச்சத்து கொழுப்பாக மாற உதவும் நொதியை இது தடுக்கிறது.

ஆய்வுகள்: ஆந்திரத்தின் எலூரில் நடந்து 2004இல் வெளியான 8 வார ஆய்வில், குடம்புளி அமிலம், குரோமியம், 400 மி.கி. சிறுகுறிஞ்சான் சாறு மூன்றையும் சேர்த்து உண்டவர்களின் எடை 5–6% குறைந்தது. அவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவும் நடைப்பயிற்சியும் விதிக்கப்பட்டிருந்தன. ஆனால் 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தும் குடம்புளி பலன் தரவில்லை.

எச்சரிக்கை: குடம்புளிச் சாறு கலந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. நீரிழிவு மருந்துடன் சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது.