குமரி ஓடைக் கெண்டையும் கண்ணாடித் தொட்டியும்

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டதோடு, சிவப்புக் கோடு ஓடிய ஒரு மலையாற்று மீனுக்குச் சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரையும் சூட்டினார். அம்மீனே பிற்காலத்தில் 'மிஸ் கேரளா' என்ற பெயரில் உலகெங்கும் வண்ணமீன் தொட்டிகளுக்கு ஏற்றுமதியானது. குமரி மாவட்ட மலையோடைகளில் வாழும் கெண்டையினம் ஒன்றோ 2010இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டு, இலங்கை மீனியல் அறிஞர் ரோகன் பெத்தியகொடவின் பெயரால் 'ரோகனி' என அழைக்கப்பட்டது. உள்ளூர் நீர்வளத்தை அறிவதில் நேர்ந்த இத்தாமதம் வருந்தத்தக்கது. ரோகனியின் நெருங்கிய உறவான 'ஃபிலமென்டோசா' கெண்டையில், வளர்ந்த ஆணின் முதுகுத்துடுப்புக் கதிர்கள் மெல்லிய இழைகளாக நீண்டிருக்க, வாலடியில் கரும்புள்ளியும் சிவந்த வால்நுனிகளில் கருமையும் தெளிவாகத் தெரியும்.

இத்தகைய கெண்டைகள் கூட்டமாக வாழ்பவை என்பதால், பல இனங்கள் ஒன்றாக வாழும் சமூகத் தொட்டியில் அவற்றை ஆறுக்குக் குறையாமல் விடுவதே முறை. 24 முதல் 28 பாகை வரையிலான வெப்பம் குமரியில் பெரும்பாலும் இயல்பாகவே அமைந்துவிடுவதால் வெப்பமூட்டி தேவைப்படுவது அரிது. எனினும் மீன்கழிவிலிருந்து உண்டாகும் நச்சு அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் காத்திருந்த பின்னரே மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.