பவளமும் விளக்கொளியும்

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பவளமாலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: முற்றத்துப் பகல் வெளிச்சத்தில் சற்று வெளிறினாற்போல் கிடக்கும் அதே மணிகள், அந்தியில் குத்துவிளக்கின் முன் வந்தவுடன் கனிந்து சிவந்துவிடும். எண்ணெய்த் திரியின் சுடரில் நீலம் அருகிச் செம்மை மிகுந்திருப்பதே அதற்குக் காரணம். குமரியம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கென்று மயங்கிக் கப்பல்கள் பாறையில் மோதின என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மணிக்கும் ஒளிக்கும் உள்ள சம்பந்தத்தை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சிவந்த பவளம் நம் சமுத்திரத்தில் விளைந்ததன்று. குமரிமுனையில் தீர்த்தமாடிப் பிரமசரிய விரதம் காத்தவர்களைக் குறிப்பிடும் அதே கிரேக்க நூலாகிய பெரிப்ளுஸ், ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பே, முசிறிப் பகுதித் துறைகளில் வந்திறங்கிய சரக்குகளோடு பவளத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறது. ரோமானியர் இந்திய முத்தை மதிப்பது போலவே இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று பிளினியும் வியந்திருக்கிறார். முத்தைக் கொடுத்துப் பவளத்தைக் கொண்ட அந்த வர்த்தகம் பின்னும் ஓயவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடற் பவளம் லிவோர்னோ, லண்டன் வழியாகச் சென்னைக்கு வர, அதற்கு ஈடாக வைரம் திரும்பிப் போயிற்று. அவ்வாணிபத்தை நடத்திய யூத வணிகர்களின் நினைவைச் சென்னையின் பவளக்காரத் தெரு இன்றும் பெயரில் சுமந்து நிற்கிறது.

இத்தனை தூரம் பிரயாணம் செய்த அச்சிவப்பு, பிறந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு என்பதுதான் என்னை நெடுநாள் ஆட்கொண்ட விஷயம். சூரிய ஒளியின் செங்கதிரைக் கடல்நீர் முதற்சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், ஐம்பது மீட்டர் ஆழத்துப் பவளக்கிளையில் பட்டுத் திரும்பச் செவ்வொளியே எஞ்சுவதில்லை. அங்கே அது கருநிழலாய் நிற்கிறது. கரையேறி வெயிலைக் கண்ட பிறகே அது நம் கவிஞர்கள் இதழுக்கு உவமை சொன்ன பவளமாகிறது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சூழ்ந்து வளர்வது வேறு இனம். அதன் கல்லை முருகைக்கல் என்று தனிப்பெயரிட்டு அழைத்த முன்னோரின் நுட்பம் போற்றத்தக்கது; இரண்டையும் பவளம் என்றே சொல்லி நாம் அந்த வேற்றுமையை இழந்துவருகிறோம். சுண்ணாம்புக்காக நெடுங்காலம் வெட்டப்பட்ட இவ்வினம் 2001இல்தான் வனவுயிர்ச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெற்றது. தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியால் இது பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் மங்கிய பழுப்பாகவே தோன்றும்.

அதே உயிரை நீல விளக்கின் கீழ் வைத்தால் பச்சையும் செம்மஞ்சளுமாய்ச் சுடர்விடுகிறது. பலாவுத் தீவில் ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் கவாகுட்டி, இவ்வாறு ஒளிரும் பச்சை வர்ணப் பொருளை 1944இலேயே விவரித்திருக்கிறார். நீலத்தை உட்கொண்டு வேறு நிறமாக வெளியிடும் புரதங்களே அதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1909இல் நாட்டின் முதல் மீன்காட்சிசாலை திறக்கப்பட்ட நாளில் எவரும் எண்ணியிராத இவ்வித்தையை, இன்று கண்ணாடித் தொட்டி வளர்ப்போர் எளிதாகச் செய்கிறார்கள்: 10,000 கெல்வின் விளக்கில் வெண்மை கலந்த இயல்பும், 20,000 கெல்வினில் நீலமும் ஜொலிப்பும் கிடைக்கின்றன. எனினும் நீலத்தின் ஜொலிப்பில் பாசியை இழந்து வெளிறத் தொடங்கும் உயிரின் நலிவு எளிதில் தென்படாது. ஆதலால் நாளுக்கு ஒரு முறையேனும் வெள்ளை விளக்கை ஏற்றி அதைப் பார்ப்பது வளர்ப்பவரின் கடமை.