டான்பரிக்குப் போன கடிதம்

1802 புத்தாண்டு நாளன்று வாஷிங்டன் அதிபர் மாளிகைக்கு ஒரு பிரம்மாண்டமான சீஸ் கட்டி வந்து இறங்கியது. எடை 1,235 பவுண்டு, அதாவது சுமார் 560 கிலோ. மாசசூசெட்ஸில் செஷயர் என்ற சிற்றூரின் பண்ணைக்காரர்கள் தங்கள் மாடுகளின் பாலை ஒன்றுசேர்த்துச் செய்து அனுப்பியது. அடிமை ஒருவரின் கைகூடப் படாமல் செய்தது என்று கூடவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்த ஒருவரின் கையில் அந்த வரி போய்ச் சேர்ந்தது.

பெற்றுக்கொண்டவர் தாமஸ் ஜெஃபர்சன். கொண்டுவந்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேர்தலில் ஜெஃபர்சனை நாத்திகர் என்று எதிர்க்கட்சியினர் ஊரெங்கும் தூற்றியிருந்தார்கள். அண்டைவீட்டுக்காரன் இருபது கடவுள்களைக் கும்பிட்டாலும், கடவுளே இல்லை என்றாலும் தமக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று அவர் எப்போதோ எழுதியதைத் தோண்டியெடுத்து, நியூ இங்கிலாந்துப் போதகர்கள் பிரசங்க மேடைகளில் முழங்கினார்கள். அப்படிப்பட்டவரைத் தேடிப் பக்தி மிகுந்த ஒரு போதகர் ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்?

காரணம் வர்ஜீனியாவில் இருந்தது. லேலண்ட் பல ஆண்டுகள் அங்கே ஊழியம் செய்தவர். விடுதலைப் போருக்கு முன்பு ஆங்கிலிக்கன் சபையே அங்கே அரசின் சபை. அதில் சேராதவர்களும் அதற்கு வரி கட்டினார்கள். உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்கள் சிறைக்குப் போனார்கள். 1777-ல் ஜெஃபர்சன் ஒரு மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதிவைத்தார். சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. 1784-ல் சட்டமன்ற உறுப்பினர் பாட்ரிக் ஹென்றி வேறொரு யோசனையுடன் வந்தார். எல்லோரிடமும் வரி வாங்கி, அவரவர் விரும்பும் கிறிஸ்தவச் சபைக்கே கொடுத்துவிடலாம் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜெஃபர்சனின் நண்பர் ஜேம்ஸ் மாடிசன் அதை எதிர்த்து ஒரு மனு எழுதினார். பாப்டிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியன்களும் மனுக்களாக அனுப்பிக் குவித்தார்கள். ஹென்றியின் மசோதா மடிந்தது. 1786 ஜனவரியில் ஜெஃபர்சனின் சட்டம் நிறைவேறியபோது அவர் பாரிஸில் தூதராக இருந்தார்.

அந்த விவாதத்தில் நடந்த ஒன்றை முதிய வயதில் அவரே பதிவு செய்திருக்கிறார். சட்டத்தின் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கச் சிலர் முயன்றார்கள், பெரும்பான்மையினர் மறுத்துவிட்டார்கள். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, எதையும் நம்பாதவர் என எல்லோரையும் காக்கவே அந்தச் சட்டம் என்பதற்கு இதையே அவர் சான்றாகக் காட்டினார். இந்துக்களை அவர் நேரில் பார்த்திருக்கவே வாய்ப்புக் குறைவு. இருந்தும் அந்தப் பட்டியலில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

சீஸ் வந்த அதே நாளில் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு ஜெஃபர்சன் ஒரு பதில் கடிதத்தில் கையெழுத்திட்டார். அந்த மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபைக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் தாம் வேறு சபையைச் சேர்ந்தவர் என்று சான்றிதழ் தர வேண்டும். தங்களுக்குக் கிடைக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் அரசு காட்டும் தயவாக இருக்கிறதே தவிர உரிமையாக இல்லை என்று டான்பரிக்காரர்கள் குமுறியிருந்தார்கள். மாநிலச் சட்டத்தை அதிபரால் மாற்ற முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மதச் சுதந்திரம் பேசும், 1791-ன் அரசியலமைப்பு முதல் திருத்தம் அன்று மத்திய காங்கிரசை மட்டுமே கட்டுப்படுத்தியது.

சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்ற புகழ்பெற்ற உவமை அந்தப் பதிலில்தான் வருகிறது. போகிற போக்கில் எழுதிய மரியாதைக் கடிதம் அல்ல அது. வரைவை அட்டர்னி ஜெனரல் லீவை லிங்கனுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். முந்தைய அதிபர்களான வாஷிங்டனும் ஆடம்ஸும் செய்ததுபோல உபவாச நாளோ நன்றியறிதல் நாளோ தாம் ஏன் அறிவிப்பதில்லை என்று அதில் விளக்கியிருந்தார். நியூ இங்கிலாந்து மக்களுக்கு அந்த வழக்கம் பழகிப்போனது, மனம் நோவார்கள் என்றார் லிங்கன். ஜெஃபர்சன் அந்தப் பகுதியை அடித்துவிட்டு, நீக்கிய காரணத்தை ஓரத்தில் குறித்து வைத்தார். மை பூசி மறைத்த வரிகளை 1998-ல் எஃப்பிஐ ஆய்வகம் மீட்டெடுத்தது. கடிதத்தில் விட்டாலும் நடைமுறையில் அவர் விடவில்லை. எட்டு ஆண்டுகளும் அப்படியொரு அறிவிப்பு அவரிடமிருந்து வரவில்லை.

ஆனால் இரண்டே நாளில், ஜனவரி 3 ஞாயிறன்று, பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் லேலண்ட் பிரசங்கம் செய்தார், ஜெஃபர்சன் கேட்டுக்கொண்டிருந்தார். பதவிக்காலம் முழுக்க அங்கே நடந்த ஞாயிறு ஆராதனைகளுக்குக் குதிரையேறி வந்துகொண்டிருந்தார். சுவரைப் பற்றி எழுதியவர் அரசுக் கட்டடத்திலேயே ஆராதனைக்குப் போவது முரண் என்று இன்று வாதிடுபவர்கள் உண்டு. அரசுக் கட்டடத்தைக் கொடுத்தது சரியா என்பது நியாயமான கேள்விதான். அவர் வந்து உட்கார்ந்ததில் மட்டும் பிழையில்லை. தாம் கும்பிடுவதற்கும், கும்பிடும்படி நாட்டுக்கு அதிபராக அறிக்கை விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

அவருடைய நம்பிக்கைதான் என்ன? இயேசுவின் போதனைகளை உயிராக மதித்தார், அற்புதங்களை ஏற்கவில்லை. 1820 வாக்கில், எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், மான்டிசெல்லோ வீட்டில் உட்கார்ந்து சுவிசேஷங்களின் அச்சுப் பிரதிகளைக் கூர்மையான கத்தியால் வெட்டினார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் ஒரே பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தமக்கென ஒரு நூல் கட்டிக்கொண்டார். கல்லறை வாயிலில் கல்லை உருட்டி வைப்பதோடு அது முடிகிறது, உயிர்த்தெழுதல் இல்லை. அச்சில் கொண்டுவர அவர் விரும்பவில்லை. மதத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அது தமக்கும் தம் கடவுளுக்கும் இடையிலானது என்று பதில் சொன்னதுண்டு.

கனெக்டிகட்டில் அரசுச் சபை 1818-ல் முடிவுக்கு வந்தது, மாசசூசெட்ஸில் 1833-ல். டான்பரி கடிதத்தை உச்ச நீதிமன்றம் 1879-ல் எடுத்தாண்டது. 1947-ல் மாநிலங்களுக்கும் அந்தச் சுவர் பொருந்தும் என்றது. வெட்டி ஒட்டிய நூலை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1895-ல் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அரசுச் செலவில் அதை அச்சிடக் காங்கிரஸ் முனைந்தபோது சில போதகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பை மீறி 1904-ல் 9,000 பிரதிகள் வெளிவந்தன. புதிதாகப் பதவியேற்ற உறுப்பினர்களுக்குப் பல ஆண்டுகள் அதைக் கொடுத்தார்கள். நன்றியறிதல் அறிவிப்பைக்கூடத் தவிர்த்த ஜெஃபர்சன் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் போதகர்களோடு சேர்ந்து தாமும் ஒரு மனு எழுதியிருப்பார்.