டைல்ஸில் ஓட்டையும் கொடுமணல் மணியும்

போன மாசம் அம்மா பாத்ரூமுல வழுக்கி விழுந்துட்டாங்க. நல்லவேளை, எலும்புக்கு ஒண்ணும் ஆகல. பிடிச்சு எந்திரிக்கக் கைப்பிடி ஒண்ணு மாட்டலாம்னு டிரில்லைத் தூக்கிட்டுப் போனேன். மாட்டுக் கட்டுத்தரைச் சுவத்துல ஓட்டை போட்ட அதே பிட்டு, ஹேமரும் ஆன்ல. 'டப்'னு ஒரு சத்தம். டைல்ஸ் மூலைக்கு மூலை கீறிடுச்சு. அந்த டிசைன் இப்ப வர்றதில்லையாம். வீட்ல மிச்சம் இருந்தது நாலே நாலு.

ஹார்ட்வேர்ஸ் கடைக்காரர் எத்தனை எம்எம்னு கேட்கல. "செராமிக்கா, விட்ரிஃபைடாங்க?"ன்னார். சரியான கேள்வி. ரொம்பப் பழைய கேள்வியும்கூட.

எங்க பக்கம் சென்னிமலை தாண்டி, நொய்யல் கரையில கொடுமணல் இருக்கு. பதிற்றுப்பத்து 'கொடுமணம்'னு சொல்ற ஊரு இதுதான்கிறாங்க ஆய்வாளர்கள். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகள்ல சூதுபவளம், படிகக்கல், பச்சைக்கல் மணிகள் கிடைச்சது. பாதியில விட்ட மணிகளும் இருந்ததால, செஞ்ச இடமே அதுதான்னு தெரிஞ்சுது.

அதே ஊர்ல இரும்பும் உருக்கியிருக்காங்க. ஆனா கடினத்துல சூதுபவளம் கிட்டத்தட்ட 7. வெறும் இரும்பு முனை அதுமேல வழுக்கும், மழுங்கும். அதுக்கு முன்னாடி சிந்துவெளிக்காரங்க நீள மணிகளைத் துளைக்க ஒருவகைக் கடினக் கல்முனையை வச்சிருந்தாங்க. சிந்துல சன்ஹுதாரோவில அது கிடைச்சிருக்கு. ஒரு மணிக்கே நாள்கணக்கா ஆகும். அப்புறம் வந்தது வைரம். பழைய மணித் துளைக்குள்ள அச்சு வார்த்து நுண்ணோக்கியில பார்த்தா, வைரம் சுத்தின நுண்வரிகள் தெரியுதாம். குஜராத் கம்பாத்துல, கம்பி நுனியில ரெண்டு வைரத்துணுக்கு பதிச்சு, வில்லால சுத்தி, தண்ணி சொட்டவிட்டுத் துளைக்கிற வேலை நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு. கவனிங்க: அடிக்கல, குத்தல. தேய்ச்சிருக்காங்க.

1920கள்ல ஜெர்மனியில டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனை விற்பனைக்கு வந்துச்சு. 'வைரம் போல'ங்கிற ஜெர்மன் சொல்லைச் சுருக்கி 'விடியா'ன்னு பேர் வச்சாங்க. லேத் பட்டறைகள்ல அந்தப் பேர் இன்னும் புழங்குது. 1954 டிசம்பர்ல அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்துல செயற்கை வைரம் செஞ்சாங்க. அரசர் கழுத்துக்கு மணி கோக்க உதவின சங்கதி, அப்படித்தான் பாத்ரூம் ஓட்டைக்கு இறங்கி வந்துச்சு.

சுவர்ல ஒட்டுற சாதா செராமிக் டைல்ஸ் உள்ளே மண்ணு, மேலே கண்ணாடிப் பூச்சு. ஈட்டி முனை கார்பைடு பிட்டே போதும். கையடக்க ரோட்டரி மெஷினுக்கு வர்ற கார்பைடு டைல்ஸ் பிட்டும் இதுக்கு மட்டும்தான். குழாய்க்குப் பெரிய ஓட்டையைச் சுத்தி வெட்டலாம். விட்ரிஃபைடு உள்ளேயும் கல்லுமாதிரி இறுகினது. அதுல கார்பைடு சீக்கிரம் மழுங்கும். வைரத்தூள் பூசின குழல் பிட்டுதான் வேணும்.

எங்க வீட்ல இருந்தது விட்ரிஃபைடு.

பேட்டரி டிரில், ஹேமர் ஆஃப், மெதுவான வேகம். பிட்டைச் சாய்ச்சு வச்சுப் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்ததும் நிமித்தினேன். பொண்ணு ஸ்பாஞ்சுல தண்ணி சொட்டவிட்டா. டைல்ஸ் தாண்டினதும் செங்கல்லுக்குப் பழைய பிட்டையே மாத்திக்கிட்டேன். நாலு ஓட்டை, ஒரு கீறல் இல்லை.

அம்மா பிடிச்சுப் பார்த்துட்டு, "இன்னும் ஒரு சாண் கீழ போட்டிருக்கலாம்டா"ன்னாங்க.