காசும் போலி, கூடும் போலி

2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவில், முதலாம் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இதே ஊரைத் தலைநகராக்கிக் கொண்ட அந்த மன்னனும் காசு வெளியிட்டவன்தான். 'கங்கைகொண்ட சோழன்' என்று பெயர் பொறித்த அவனுடைய பொற்காசு சேகரிப்பாளர்களுக்கு ஒரு கனவு. அரிதான பொருளுக்கு விலை உண்டு. விலை உள்ள பொருளுக்குப் போலியும் உண்டு. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் காசு அசல் என்று சான்று சொல்லும் பெட்டியே போலியாக வரத் தொடங்கியது தெரியாத கதை.

பழைய காசு வாங்க முன்பெல்லாம் கடைக்கோ கண்காட்சிக்கோ போக வேண்டும். கையில் எடுத்துப் பார்க்கலாம், சுண்டிப் பார்க்கலாம், தராசில் போடலாம். இணையத்தில் வாங்குபவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. இரண்டு புகைப்படம், ஒரு விலை, அவ்வளவுதான். அந்தக் குறையைப் போக்க வந்தது 'ஸ்லாப்' என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் பிளாஸ்டிக் கூடு. ஒரு நிறுவனம் காசைச் சோதித்து, அசல்தான் என்று சொல்லி, தரத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, கூட்டுக்குள் வைத்து மூடிவிடும். உள்ளே ஒரு சீட்டு, அதில் ஒரு சான்று எண். அசல் நிறுவனத்தின் கூடு, அசல் எண், ஆகவே அசல் காசு என்பது வாங்குபவரின் கணக்கு.

காசைச் சோதித்துச் சொல்ல நடுவே ஓர் ஆள் வேண்டும் என்ற யோசனை அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததல்ல. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சில பெயர்கள் வரும். வண்ணக்கன் என்றால் காசின் தரத்தைச் சோதிப்பவன். கவிதை எழுதுகிற அளவுக்கு ஓய்வும் கல்வியும் இருந்த தொழில் போலிருக்கிறது! பழைய வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்பக்கம் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். அவை கைமாறும்போது சோதித்தவர்கள் குத்திய அடையாளம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இன்னொரு சாட்சி புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்தது. 1898இல் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு. ஏன் வெட்டினார்கள் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. செல்லாக்காசு ஆக்க வெட்டினார்கள் என்பது ஒரு கட்சி, உள்ளேயும் தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வது சரியென்றால் அதைவிட நேர்மையான சோதனை உலகத்தில் கிடையாது. (சேகரிப்பாளர் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்பது வேறு விஷயம்.)

சோழர் காலத்திலும் காசின் முகத்தை யாரும் அப்படியே நம்பிவிடவில்லை. கல்வெட்டுகளில் பொன்னைக் குறிப்பிடும்போது 'துளைநிறை பொன்', 'தீப்போக்குச் செம்பொன்', 'மதுராந்தகன் மாடையோடு ஒக்கும் பொன்' என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். நெருப்பில் இட்டுப் பார்த்த தரம், இன்ன காசுக்கு ஈடான தரம் என்ற விவரம் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு கல், நகை நிறுக்க 'தக்ஷிணமேருவிடங்கன்' என்று இன்னொரு கல். ராஜராஜன் கொடுத்த பொன்னாக இருந்தாலும் நிறுத்துத்தான் வாங்கினார்கள்.

பிற்காலத்தில் இந்த வேலை சராப்புகளின் கைக்கு வந்தது. ஊருக்கொரு நாணயம், வருடத்துக்கொரு மதிப்பு என்று இருந்த காலம். எது எவ்வளவுக்குப் போகும், எதற்கு எவ்வளவு வட்டம் கழிக்க வேண்டும் என்று சொல்ல சராப்பு இல்லாமல் வியாபாரமே நடக்காது. சராப்பு ரூபாய்களை எண்ணிச் சோதித்து, பையில் கட்டி, தன் முத்திரையை வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் பையைப் பிரிக்காமலே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். கதை திரும்பும் இடம் இதுதான். அதுவரை நம்பிக்கை காசின் மேல் இருந்தது. இப்போது பையின் மேல், அதாவது முத்திரையின் மேல், போய்விட்டது. 1835இல் கம்பெனி அரசு 180 குன்றிமணி எடை... இல்லை, சரியாகச் சொன்னால் 180 கிரெயின் எடையில் (சுமார் 11.66 கிராம்) ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டுவந்த பிறகு சராப்புகளின் பிடி தளர்ந்தது. அதே முத்திரைப் பை நூற்றைம்பது வருடம் கழித்து அமெரிக்காவில் பிளாஸ்டிக்காக மறுபிறவி எடுத்தது.

அங்கே பிரச்சினை வேறு வடிவில் இருந்தது. காசு அசலா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. வாங்கும்போது 'தேய்ந்தது' என்று விலை குறைக்கும் அதே வியாபாரி விற்கும்போது 'புத்தம் புதுசு' என்பார். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று உலகம் முழுவதும் நாணயத்துக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண்ணின் மூலம் அதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷெல்டன் இறந்த பிறகு வெளிவந்த சங்கதி: அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டமான காசுகளை வைத்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர்! தரம் பிரிப்பதில் நிபுணர் என்பதில் சந்தேகமே இல்லை.

1972இல் ஏனாக்ஸ் என்ற அமைப்பு காசைச் சோதித்துச் சான்று தரத் தொடங்கியது. பிறகு படம் ஒட்டிய சான்றிதழ் வந்தது. சான்றிதழ் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம் என்றால் நல்ல சான்றிதழோடு மட்டமான காசைச் சேர்த்து விற்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987இல் என்.ஜி.சி. நிறுவனமும் காசையும் சீட்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து மூடின. கூட்டை உடைக்காமல் காசை வெளியே எடுக்க முடியாது, உடைத்தால் தடம் தெரியும். காசைக் கண்ணால் பார்க்காமலே தொலைபேசியில் வாங்கி விற்கும் வியாபாரம் இதன் பிறகுதான் சூடு பிடித்தது.

வணிகவியல் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஏக்கர்லாஃப் ஞாபகம் வர வேண்டும். 1970இல் பழைய கார் சந்தையை வைத்து அவர் எழுதிய கட்டுரை, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்றது. 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஸ்லாப் அந்த நோய்க்கு மருந்து. ஆனால் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் விலை பல மடங்கு ஏறுகிற சந்தையில், மதிப்பெண் எழுதிய சீட்டுக்கே ஒரு விலை வந்துவிடுகிறது. அப்புறம் காசைப் போலி செய்வானேன், சீட்டைச் செய்தால் போதாதா?

2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் இரு நிறுவனங்களும் அடுத்தடுத்து எச்சரிக்கை விட்டன. சீனாவில் தயாரான போலிக் கூடுகள் இணைய ஏலத்தில் வந்துவிட்டன. உள்ளே போலிக் காசு, வெளியே போலிக் கூடு. செய்தவர்கள் செய்த உண்மையான கெட்டிக்காரத்தனம் சான்று எண்ணில்தான் இருந்தது. எண்ணை அவர்கள் கற்பனை செய்யவில்லை. எங்கோ ஓர் அசல் காசுக்குக் கொடுத்த அசல் எண்ணைப் படத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தால் "ஆமாம், இந்த வருடம், இந்தக் காசு, இந்த மதிப்பெண்" என்றே வரும். எண் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குரிய காசு இந்தக் கூட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் எண்ணைச் சரிபார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, தளத்தில் படம் இருந்தால் அதையும் விற்பவர் போட்டிருக்கும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. மனிதனுக்குக் கைரேகை போல ஒவ்வொரு காசுக்கும் கீறல் உண்டு, கறை உண்டு. கன்னத்தில் இருக்கும் கீறல் அதே இடத்தில் இருக்கிறதா, விளிம்பில் உள்ள கருப்பு அதே வடிவமா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பழைய கூடுகள் பலவற்றுக்குப் படம் இருக்காது, அங்கேதான் சிக்கல். அதே எண் வேறு யாருடைய விற்பனையிலாவது இருக்கிறதா என்று தேடுவதும் நல்லது. ஒரே காசு ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது.

கூட்டிலும் சில தடயங்கள் உண்டு. எழுத்தின் தடிமன் அசலோடு ஒத்துப்போகாது, ஹாலோகிராம் அசைத்தாலும் நிறம் மாறாமல் வெறும் வெள்ளித்தாள் மாதிரி நிற்கும், காசு உள்ளே ஆடும். இன்னொரு ரகம் இன்னும் மோசம். அசல் கூட்டையே நுணுக்கமாகப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்து ஒட்டிவிடுவார்கள். இங்கே சீட்டு அசல், எண் அசல், ஹாலோகிராமும் அசல். கூட்டின் நான்கு ஓரங்களிலும் வெளுத்த கோடு, சில்லு உடைப்பு, பசை தடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். விற்பவர் ஓரங்களைப் படம் எடுக்காமல் நடுவை மட்டும் காட்டினால், ஓரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2014இல் அமெரிக்காவில் தரச்சான்று நிறுவனங்களின் அடையாளத்தைப் போலியாகப் பயன்படுத்துவதையும் தடுக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2020இல் பி.சி.ஜி.எஸ். கூட்டுக்குள் ஒரு சில்லு வைத்தது. போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் விவரம் வரும். ஆனால் அதற்குப் போன் கூட்டின் பக்கத்தில் இருக்க வேண்டும். பணம் அனுப்பிய பிறகுதானே கூடு வீட்டுக்கு வரும்!

கூடு என்ற ஏற்பாட்டில் அடிப்படையிலேயே ஒரு முரண் இருக்கிறது. வண்ணக்கரும் சராப்பும் நம்பிய சோதனைகள் எடை, ஓசை, உரைகல். கூட்டுக்குள் போன காசை நிறுக்க முடியாது, சுண்ட முடியாது, உரைக்க முடியாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, செம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 9. ஒரே அளவுள்ள இரண்டு காசைக் கையில் வைத்தாலே பள்ளிக்கூடப் பையன்கூட வித்தியாசம் சொல்லிவிடுவான். அதே முலாம் பூசிய செம்பைக் கூட்டுக்குள் வைத்தால் படத்தில் தங்கம்தான். போலியைத் தடுக்க வந்த பெட்டி, போலிக்கு நல்ல மறைவிடமும் ஆகிவிட்டது.

இந்தியாவில் வெள்ளி ரூபாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் வருட ரூபாய் அபூர்வம், விலையும் அதற்கேற்ற உயரம். 1938 ரூபாயில் கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்றால் ஆசை யாருக்கு வராது? சோழர் காசில் நிலைமை வேறு. ராஜராஜனின் செம்புக் காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயரும் உள்ளது, தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. அதை அபூர்வம் என்று சொல்லி விற்பவரிடம் கூடு அசலாக இருந்தாலும் விலை அசல் இல்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. என்.ஜி.சி.யின் பண்டைய நாணயப் பிரிவு, அசல் என்று தான் நம்பும் காசுக்கு மட்டுமே மதிப்பெண் தரும். ஆனால் வெகுகாலம் அசல்தான் என்று உத்தரவாதம் தரவில்லை. அப்போது கூட்டுக்குள் இருந்தது நிபுணரின் கருத்து, பத்திரம் அல்ல.

முத்திரையை மட்டும் திருடி, காசே இல்லாமல் ஏமாற்றும் வித்தையும் இங்கே உண்டு. வைஷ்ணவி தேவி படம் போட்ட பத்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரம் வரும். ஆசைப்பட்டுப் பேசினால் முதலில் வரி கட்டு, கமிஷன் கட்டு என்பார்கள். கடிதத்தில் ரிசர்வ் வங்கியின் சின்னம் பளபளக்கும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று.

"ஜெயங்கொண்டம் பக்கம் வயலில் கிடைத்த சோழர் காசு, இன்னும் கூட்டில் போடவில்லை, அதனால் மலிவு" என்று யாராவது சொன்னால் கேள்வி போலியைத் தாண்டிப் போய்விடுகிறது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசு தொல்பொருள், தனியார் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. அதாவது சொன்ன கதை பொய்யென்றால் காசு போலி, கதை உண்மையென்றால் காசு வாங்கக் கூடாதது.

சோழர் காசைச் செலவில்லாமல் பழக வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒருமுறை அசலைப் பார்த்துவிட்டு வந்து விற்பனைப் படங்களைத் திறந்தால், வார்ப்புப் போலியின் மழுங்கிய எழுத்தும் சோப்புக் கட்டி போன்ற வழுவழுப்பும் தனியாகத் தெரியும்.