முதல் மோட்டார் சைக்கிளும் சி.சி. என்னும் அளவுகோலும்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த அன்றே இளைஞர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "எந்த வண்டி வாங்கலாம்?" யோசனை சொல்ல வருவோர் கேட்பதும் ஒன்றுதான்: "எத்தனை சி.சி.?" வீட்டுப் பெரியவர்களோ, சி.சி. குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணி ஆறுதல் கொள்வார்கள். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. மேலை நாட்டுச் சட்டங்களே ஒரு காலத்தில் இதை நம்பின, நம்பி ஏமாந்தன. அந்த வரலாறு, உங்கள் வீட்டுக்கு வரவிருக்கும் முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்கவும் உதவும் என்பதால் இங்கே அதைப் பார்ப்போம்.

சி.சி. எதை அளக்கிறது?

எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஓர் ஓட்டத்தில் அது கடக்கும் இடத்தின் கன அளவுதான் சி.சி., அதாவது கன சென்டிமீட்டர். 100 சி.சி. என்பது ஒரு சிறிய தேநீர்த் தம்ளர் கொள்ளும் அளவு. தம்ளரின் அளவைச் சொன்னால் கடையின் வியாபாரம் தெரிந்துவிடுமா? ஒரு மணி நேரத்தில் எத்தனை தம்ளர் தேநீர் விற்கிறது என்றும் தெரியவேண்டும். எஞ்சினும் அப்படித்தான். எரிபொருள் கலவை எவ்வளவு நன்றாக நிரம்புகிறது, எவ்வளவு அழுத்தப்படுகிறது, நிமிடத்திற்கு எத்தனை முறை எரிகிறது என்பவையும் சேர்ந்தே திறனை முடிவு செய்கின்றன.

1885-ஆம் ஆண்டு ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஓர் எஞ்சினைப் பொருத்தினார்கள். பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் கொள்வது அதைத்தான். அதன் எஞ்சின் 264 சி.சி. ஆனால் அது தந்ததோ அரைக் குதிரைத்திறன்! நிமிடத்திற்குச் சுமார் 600 சுற்றுகளே அது சுழன்றது. டைம்லரின் மகன் பால் அதை ஓட்டிச் சென்றபோது இருக்கையே தீப்பற்றிக்கொண்டது என்பர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. முதல் மோட்டார் சைக்கிளின் வரலாற்றிலேயே ஓர் இளைஞரும் ஓர் ஆபத்தும் இடம்பெற்றுவிட்டதைக் கவனியுங்கள்.

1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' வண்டியை வெளியிட்டது. அதன் எஞ்சின் 49 சி.சி.தான், டைம்லர் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் நிமிடத்திற்கு 9,500 சுற்றுகளில் 4.5 குதிரைத்திறனைத் தந்தது. அளவில் ஐந்தில் ஒன்று, திறனில் ஒன்பது மடங்கு! சி.சி.யை மட்டும் வைத்து வண்டியை எடைபோட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிரிட்டன் கற்ற பாடம்

இந்த உண்மையை மறந்ததன் விளைவைப் பிரிட்டன் அனுபவித்தது. அங்கே பழகுநர் உரிமம் பெற்ற இளைஞர், எவ்வளவு பெரிய மோட்டார் சைக்கிளையும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. சாலை மரணங்கள் பெருகவே, 1961-இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. பழகுநர்கள் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக்கூடாது. எளிய விதி, காவலர் சோதிப்பதும் எளிது. அன்றைய 250 சி.சி. வண்டிகளில் பல சாதுவானவை. எனவே விதி சரியாகவே தோன்றியது.

ஆனால் சட்டம் அளந்தது கன அளவை மட்டுமே. தயாரிப்பாளர்கள் அதற்குள் திறனைக் கூட்டத் தொடங்கினார்கள். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1960-களின் நடுவில் பந்தய வண்டியின் தோற்றத்தோடு 'கான்டினென்டல் ஜி.டி.' என்ற 250 சி.சி. வண்டியை விற்றது.  பின்னர் ஜப்பானின் இரு வீச்சு எஞ்சின்கள் வந்தன. 1978-இல் சுசுகியின் 250 சி.சி. வண்டியொன்று, மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகம் செல்லும் என்ற பெருமையோடு விற்பனைக்கு வந்தது. 1980-இல் வந்த யமஹாவின் 250 சி.சி. வண்டி ஏறக்குறைய 35 குதிரைத்திறன் கொண்டது. தேர்வே எழுதாத பழகுநர் இவற்றைச் சட்டப்படியே ஓட்டலாம்!

பதினாறு வயதினர் கதையும் இதுவே. 1971-இல் அவர்களுக்கு 50 சி.சி. மொபெட் மட்டுமே என்றும், அதில் மிதிகட்டைகள் இருக்கவேண்டும் என்றும் விதி வந்தது. நிறுவனங்கள் குட்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்து, அவற்றில் பெயருக்கு மிதிகட்டைகளைப் பொருத்தின. அவ்வகை யமஹா வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 1977-இல்தான் சட்டம் விழித்துக்கொண்டு, மொபெட்டின் வேகத்தையே மணிக்கு 30 மைலுக்குள் கட்டுப்படுத்தியது. 1983-இல் பழகுநர் வண்டிக்கு 125 சி.சி. என்ற வரம்போடு 12 குதிரைத்திறன் என்ற வரம்பும் சேர்ந்தது. 1990-இல் அடிப்படைப் பயிற்சி கட்டாயமாயிற்று.

2013 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் திறனோடு எடையும் கணக்கில் வந்தது. முதற்படி உரிமத்திற்கு 125 சி.சி., 11 கிலோவாட், எடையில் கிலோவுக்கு 0.1 கிலோவாட் என்பன வரம்புகள். அடுத்த படிக்கு 35 கிலோவாட், கிலோவுக்கு 0.2 கிலோவாட். அந்த இரண்டாம் படியில் சி.சி. வரம்பே இல்லை. அளவுகோல் சரியான இடத்திற்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

நம் நாட்டில்

நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. அதன்படி 16 வயதில் 50 சி.சி. வரை ஓட்டலாம், 18 வயதில் மற்றவை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுகள் சாலையில் நிறைந்திருந்த காலம் அது. 18 வயதில் கியர் வண்டிக்கான உரிமம் பெற்றவருக்குத் திறன் வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. பிரிட்டனில் சட்டம் செய்த தேர்வை, இங்கே இளைஞரும் பெற்றோருமே செய்யவேண்டியிருக்கிறது.

1985-இல் இங்கு அறிமுகமான இரு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். ஹீரோ ஹோண்டா சி.டி. 100, நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. ஏழு, ஏழரைக் குதிரைத்திறன். யமஹா ஆர்.எக்ஸ். 100, இரு வீச்சு எஞ்சின். சுமார் 11 குதிரைத்திறன். இரண்டும் '100 சி.சி.' வண்டிகளே, எடையும் நூறு கிலோவை ஒட்டியதே. ஆனால் கைப்பிடியைத் திருகியதும் இரண்டும் நடந்துகொண்ட விதம் வேறு. மின்சார வண்டிக்கோ உருளையே இல்லை, சி.சி. என்ற கேள்விக்கே அங்கு பொருளில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

விவரத்தாளில் திறனைக் கிலோவாட்டில் பாருங்கள். அதை வண்டியின் எடையால் வகுத்துவிடுங்கள். 8 கிலோவாட், 115 கிலோ என்றால் விடை சுமார் 0.07. 18 கிலோவாட், 150 கிலோ என்றால் 0.12, இது ஐரோப்பாவின் முதற்படி வரம்பைத் தாண்டியது. கடையில் இந்தச் சிறு கணக்கைச் செய்ய ஒரு நிமிடம் போதும்.

அடுத்து பிரேக். ஒரே சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்தபின் 7 மீட்டரில் நிற்குமானால், 60-இல் அதற்கு 28 மீட்டர் தேவை. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காவதே காரணம். இதற்கு முன், பிரேக்கைத் தொட எடுத்துக்கொள்ளும் ஒரு நொடியிலேயே அவ்வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு ஈரச் சாலையில் உயிர் காப்பது. நம் நாட்டில் 2018, 2019-இல் அது கட்டாயமானபோது, எல்லைக்கோடு 125 சி.சி. என்றே வகுக்கப்பட்டது. பழைய அளவுகோல் இங்கும் வந்துவிட்டது! சிறிய வண்டி வாங்கினாலும், ஏ.பி.எஸ். கிடைக்குமா என்று கேளுங்கள்.

மூன்றாவது, உயரமும் எடையும். இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் நன்கு பதியவேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, தனியே வண்டியைத் தள்ளித் திருப்பிப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்றுண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் குழுவினர் 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். விபத்தில் சிக்கியோரில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ உறவினர், நண்பர்களிடமோ கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு, விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. அவர்கள் சாலையில் ஓட்டிய மொத்த அனுபவமோ சராசரி மூன்றாண்டுகள்! ஆக, உரிமம் பழையதானாலும் வண்டி புதிதென்றால் ஓட்டுபவரும் புதியவரே.

ஆகவே, முதல் வண்டியை வாங்கும் இளைஞரே, வண்டிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தலைக்கவசத்துக்கும் பயிற்சிக்கும் எடுத்து வையுங்கள். முதல் ஐந்து மாதங்களை, கற்கும் காலம் என்றே கொள்ளுங்கள். நண்பர்கள் "எத்தனை சி.சி.?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். "எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று நீங்கள் கேளுங்கள்.